பகலில் தூங்கியவர்

படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே லென்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, திரையில் இருக்கிற மனிதர் தூங்கப்போவதே இல்லை என்று.

அவர் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். கொட்டுகிற மழையில் தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் ஓடினார். நீளமான மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகளைப் பார்த்து, வானத்துக்கு வேலி போட உங்களில் யாரால் முடியும் என்று கேட்டார். அந்த இடத்தில் அரங்கமே கைதட்டியது. பக்கத்து இருக்கையில் தம்பி விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். பேரன் எடுத்த வயதில் இது என்ன விசில் என்று முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் இருந்தவர் அவர்களுடைய அப்பா. அதாவது, அப்பாவாக நடித்தவர்.

அப்பா ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். தன் கையாலேயே தேய்த்துச் செய்த தொலைநோக்கியை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொண்டு, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் முந்திக்கொண்டு அதைப் பார்த்துச் சொன்னவர். பள்ளிப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அவருக்குத் தபால்தலை வந்தது. நகரத்தின் நீளமான சாலைக்கு அவர் பெயர். இதெல்லாம் பிறகு வந்தவை. கண்டுபிடித்த சூடு ஆறுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது லென்ஸம்மா சின்னப் பெண். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான்.

லென்ஸம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை அவளுடையது. கண் பார்த்து நம்பர் எழுதுவது, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது, நட்டு கழன்ற பழைய கண்ணாடியை முறுக்கிக் கொடுப்பது, எல்லாம் அவளே. அதிகம் பேசமாட்டாள். தம்பி அதற்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். ஊருக்கெல்லாம் மாஸ்டர். வாயைத் திறந்தால் பூட்ட ஆள் வேண்டும். கியர் போடுவதோடு அவன் பாடத்தை நிறுத்தியதாக யாரும் சொன்னதில்லை. வாழ்க்கை, அரசியல், முதுகுவலிக்கு வைத்தியம் என்று கூடவே ஒரு மூட்டை வரும்.

இடைவேளைக்குப் பிறகு படத்தில் அந்த இரவு வந்தது. அப்பா தொலைநோக்கியில் கண் வைக்கிறார். வயலின்கள் எழும்புகின்றன. வானத்தின் குறுக்கே குதிரை வாலை விசிறிக்கொண்டு ஓடுவதுபோல வால்நட்சத்திரம் ஓடுகிறது. அவர் கீழே ஓடிவந்து, தூங்கிக்கொண்டிருக்கும் மகளை வாரியெடுத்து, கூரைக்கு எறிந்து பிடிக்கிறார். ரிப்பன் கட்டிய அந்தச் சிறுமி, "நட்சத்திரமெல்லாம் எங்கே தூங்கும்ப்பா?" என்று கேட்கிறாள். அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தான் அப்படி எதுவும் கேட்டதில்லை என்று லென்ஸம்மா நினைத்துக்கொண்டாள். தன்னை யாரும் கூரைக்கு எறிந்ததுமில்லை. அந்த இரவைப் பற்றி அம்மா சொல்லக் கேள்விப்பட்டது வேறு. மழைக்காலம் முழுவதும் மேகம் விலகாமல், அப்பா ஒவ்வோர் இரவும் சும்மா மேலே போய் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். கடைசியில் மேகம் விலகிய அன்று கண்ணில் பட்டது ஒரு மங்கல். பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி. அப்பா அதைக் கண்ணாடியில் படிந்த அழுக்கு என்று நினைத்துத் துடைத்தாராம். மறுநாளும் துடைத்தாராம். அது இடம் மாறியிருந்தது என்று உறுதியான பிறகும் யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம் மட்டும், "ஏதோ இருக்கு, பாப்போம்" என்றுவிட்டுப் படுத்துக்கொண்டாராம்.

படத்தின் முடிவில் அவர் மொட்டைமாடியிலேயே, மனைவியின் மடியில், நீளமாக ஒரு வசனம் பேசிவிட்டு இறந்தார். மேலே வால்நட்சத்திரம் ஒரு முறை பிரகாசித்தது. விளக்குகள் எரிந்தபோது தம்பியின் முகம் முழுக்க ஈரம். கைக்குட்டை போதாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

வெளியே வரவேற்பு மண்டபத்தில் இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முப்பதைக் கொஞ்சம் தாண்டிய பெண், தூக்கம் கெட்ட கண்கள். லென்ஸம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். அவளுடைய உள்ளங்கை வியர்த்திருந்ததை லென்ஸம்மா கவனித்தாள்.

"நல்லா எடுத்திருக்கீங்கம்மா" என்றாள்.

தம்பிக்கு அந்தப் படம் வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. பயிற்சிக்கு வருகிறவர்களையெல்லாம் ஓட்டச் சொல்லி அந்தத் தியேட்டர் வழியாகவே அழைத்துப்போனான். பள்ளியின் சுவரில் போக்குவரத்துச் சின்னங்களுக்கு நடுவே ஆளுயரச் சுவரொட்டி ஏறியது. "வேலி போட யாரால முடியும்" என்பதை அவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிற இடங்களிலெல்லாம் சொன்னான். படத்தை மறுபடி மறுபடி பார்த்தான். ஒவ்வொரு முறையும் கடைக்கு வந்து, இன்றைக்குப் புதிதாக என்ன கவனித்தேன் தெரியுமா என்று ஆரம்பிப்பான். லென்ஸம்மா ஃபிரேமின் கால்களை வெந்நீரில் காட்டி வளைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அப்பா இப்படித்தான் நடப்பாரா, அப்பா குரல் இப்படித்தான் இருக்குமா என்று கேட்பான். அவள் ம் என்பாள். அவனுக்கு அது போதும்.

அவளுக்குத்தான் விஷயம் வேறு மாதிரிப் போயிற்று.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்த அரைத்தூக்கத்தில் எப்போதாவது அப்பா வருவார். வந்து எதுவும் செய்யமாட்டார். பழைய வீட்டின் உள்ளறையில், ஜன்னலுக்கு ஒரு கனத்த துணி தொங்க, நெற்றியின் மேல் முழங்கையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். வாய் லேசாகத் திறந்திருக்கும். மேலுதட்டில் ஒரு சின்னக் குழி. அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அவள் எழுந்து கடையைத் திறப்பாள். அன்றைய மாலை கொஞ்சம் இலேசாக இருக்கும்.

படம் பார்த்த பிறகு வந்த ஒரு மத்தியானத்தில் அதே அறை வந்தது, அதே துணி, அதே கட்டில். படுத்திருந்தவர் முழங்கையை எடுத்தார். நடிகர். அகலமான தாடை, அழகான பல்வரிசை. எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்து நிறுத்தி நிதானமாக வசனம் பேசினார். கட்டில் மிதக்கிற மாதிரி இருந்தது. அவள் வாயில் விரல் வைத்து உஷ் என்றாள். அவர் நிறுத்தவில்லை.

அது ஒரு தடவையோடு போகவில்லை. விழித்திருக்கும்போது வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தாலும் அந்தத் தாடைதான் வந்தது. மேலுதட்டுக் குழியை மட்டும் தனியாக நினைவுபடுத்தினாள். அது நழுவி நடிகரின் உதட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இருந்த புகைப்படங்களை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்பா விறைப்பாக நின்று, கண்ணை அகல விழித்து, கேமராவைப் பார்த்து மிரண்டிருந்தார். அந்த மனிதரை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அவளுக்குத் தெரிந்தவர் தூங்குகிறவர். தூங்குகிறவரை யார் படம் எடுத்தார்கள்?

ஏனென்றால் அந்த வீடு அப்படி. அப்பா விடியும்போது மாடியிலிருந்து இறங்குவார். முகம் கழுவிக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அதுவரை வீட்டில் மூச்சுச் சத்தம்கூட அளந்துதான் விடவேண்டும். அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் இடத்தில் துணி விரித்திருப்பாள். கதவுக் கீலுக்கு எண்ணெய் காய்ந்ததே இல்லை. அம்மாவும் மகளும் கையால் பேசிக்கொண்டார்கள். காது மடலை இழுத்தால் பால் வந்துவிட்டது என்று பொருள். மூக்கு நுனியைத் தட்டினால் வம்பு பேசும் எதிர்வீட்டம்மாள் வருகிறாள். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால், போய்க் குளி. அம்மா நல்ல வேடிக்கைக்காரி. எதிர்வீட்டம்மாள் நடப்பதை, தபால்காரர் தும்முவதை, சத்தமே இல்லாமல் நடித்துக் காட்டுவாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. இருவரும் சுவரில் சாய்ந்து தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். படத்தில் அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளாக மட்டும்தான் வந்தாள்.

கடையில் கண் பார்க்க உட்காருகிறவர்களுக்குச் சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று கேட்பது அவளுடைய வேலை. அந்த நாட்களில் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் லென்ஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவாள். எதிரே இருப்பவரின் முகம் கண்ணாடி வட்டத்துக்குள் பெரிதாகி, கரைந்து, வேறொரு முகமாகப் போகும். ஒரு வாடிக்கையாளர், "உங்களுக்கே ஒரு தடவை கண்ணு பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை யாரிடம் சொல்வது? ஊமை கண்ட கனவு. தம்பியிடம் சொன்னால் அவனுடைய சந்தோஷத்தில் மண் விழும்.

இப்படி இருக்கும்போது நூலக மண்டபத்தில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். குடும்பத்தார் என்று இருவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் இயக்குநர். வந்தவர்கள் படத்தைப் பாராட்டிவிட்டு, பாராட்டின சூட்டோடு குறைகளை எடுத்து வைத்தார்கள். மழையில் எந்த மடையன் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று ஒருவர் கேட்டார். ஒரு விஞ்ஞான ஆசிரியை எழுந்து, வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும், அது ஓடுகிற திசைக்குப் பின்னால் குதிரை வால் மாதிரி பறக்காது என்று விளக்கினார். அப்படிக் காட்டினால்தான் ஓடுகிற மாதிரி இருக்கிறது, தெரிந்தேதான் தப்புச் செய்தேன் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டாள். இன்னொருவர், இவ்வளவு பேசுகிற மனிதர் எப்போது வானத்தைப் பார்த்தார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒலிவாங்கி லென்ஸம்மாவிடம் வந்தது. மகள் என்ற முறையில் நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். அவள் எழுந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தாள்.

"எங்க வீட்டுல சத்தமே இருக்காது" என்று தொடங்கினாள். மண்டபம் முழுக்கத் தன் குரல் பரவியது அவளுக்கே விநோதமாக இருந்தது. "அப்பா அதிகம் பேசமாட்டாரு. அவரு..."

இயக்குநர் முன்னால் சாய்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அம்மா, நான் உங்க கடைக்கே வந்து கேட்டேன். நீங்க சின்னப் பிள்ளை, ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டீங்க. சார்தான் நாள்கணக்கா உக்காந்து எல்லாம் சொன்னாரு. படியில தாவி ஏறுறது, பொண்ணைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது, அந்தக் குரல், எல்லாமே சார் சொன்னதுதான். நானா சேத்தது வால் மட்டும்தான்."

லென்ஸம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாளம் போட்ட கால் நின்றுவிட்டது. வழுக்கை விழுந்த அந்தத் தலை, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது குனிகிற மாதிரியே குனிந்திருந்தது.

அப்பா இறந்து சில வாரங்கள் கழித்துப் பிறந்தவன். அப்பாவைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. படத்தில் ஓடியவரை, கூவியவரை, தூக்கிப்போட்டுப் பிடித்தவரை அவள் இப்போது வேறு கண்ணால் பார்த்தாள். அவரை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று படம் முழுக்க உறுத்தியது ஏன் என்றும் விளங்கியது. சின்ன வயதில் தம்பி தெருப் பிள்ளைகளிடம் அளந்துவிட்ட அப்பா அவர். எல்லாருக்கும் முன்னால் அந்த அப்பாவை எப்படிக் கொல்வது?

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்குத்தான் மறந்துபோச்சு." உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது தம்பி பயிற்சிக் காரைத்தான் எடுத்து வந்திருந்தான். கூரைமேல் எழுத்துப் பலகை, பின்னால் சிவப்பு எழுத்து. பக்கத்து இருக்கையில் உட்காருகிறவரின் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. வழக்கமாக அவன் உட்காருகிற இடம் அது. இன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே அந்தி வெளிச்சம் பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. கட்டடங்களின் ஓரங்கள் கரைந்து, சாலை தண்ணீரில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பாவின் பெயர் வைத்த சாலைதான். தம்பி வெகுதூரம் பேசவே இல்லை. அவன் பேசாமல் வருவது காரில் மூன்றாவது ஆள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றான் பிறகு.

"எப்படி?"

"நான் சொன்னா சரியா இருக்கும்னு. நான் பொறக்கவே இல்லையேக்கா."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நீயும் அம்மாவும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிப்பீங்க. அவர் போனப்புறமும் விடல. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாப்பேன். என்னம்மான்னா ஒண்ணுமில்லடான்னு சொல்லிடுவா. அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா, நல்லவரு, தூங்கு, அப்படிம்பா. அதான் நானே ஒரு அப்பாவைப் பண்ணிக்கிட்டேன். வேற என்ன செய்ய? நான் பண்ணினவரு நிறையப் பேசினாரு."

அவள் காலை அழுத்தினாள். கார் குலுங்கி ஓரமாக நின்றது. அவன் பயிற்சி கொடுக்கிற மைதானத்தின் வாசல்தான் அது. வரிசையாக நட்டிருந்த பிளாஸ்டிக் கூம்புகள் மங்கலில் நிற்கிற ஆட்களைப் போலத் தெரிந்தன. யாருடைய பிரேக் பிடித்தது என்று இருவருமே பார்க்கவில்லை.

லென்ஸம்மா சொல்ல ஆரம்பித்தாள். வீட்டின் அமைதியைச் சொன்னாள், கையால் பேசியதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த நாளைச் சொன்னாள். இதுவரை அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத நாள் அது.

அன்றைக்கு அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக இறங்கி வந்தார். வானம் தெளிவாக இருந்தது என்று கையாலேயே காட்டினார். தண்ணீர் குடித்தார். படுத்துக்கொண்டார். அன்றைக்கென்று ஒருநாளும் இல்லாத அமைதி வீட்டில். அம்மா நிறை வயிற்றோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அப்பா அசந்து தூங்குகிறார், நல்ல வேலை முடிந்திருக்கும் என்று இருவருக்கும் சந்தோஷம். மகள் வாசலில் காவல் உட்கார்ந்தாள். பால்காரர் வந்தார், வாயில் விரல் வைத்தாள். எதிர்வீட்டம்மாள் வந்தாள், திருப்பி அனுப்பினாள். பத்திரிகைக்காரர் ஒருவர் தொப்பியும் வியர்வையுமாக வந்து நின்றார். அவரிடமும் கை குவித்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், தூங்குகிறார் என்று. அவர் சிரித்துவிட்டுக் கால்விரலில் நடந்து போனார். சாயங்காலம் விளக்கு ஏற்றினார்கள். அப்பா எழவில்லை. அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து மகளைப் பார்த்தாள். கையைத் தூக்கி ஏதோ காட்டினாள். அவர்கள் பாஷையில் அதுவரை இல்லாத சைகை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. அம்மா அழுதாள், தோள் மட்டும் குலுங்கியது. மகளும் அப்படியே அழுதாள். சத்தம் போடலாம், இனி யாரும் விழிக்கப்போவதில்லை என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

"காலையிலயே போயிட்டாராம், டாக்டர் சொன்னாரு" என்றாள் லென்ஸம்மா. "நாள் முழுக்க நாங்க காவல் காத்திருக்கோம்."

தம்பி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். கார் ஓடாதபோதும் அப்படிப் பிடித்திருந்தான்.

"நான்?" என்றான்.

"என்ன நான்?"

"அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?"

அவள் யோசித்தாள். இதை யாரும் கேட்டதில்லை. "நீ அம்மா வயித்துல உதைச்சுக்கிட்டே இருப்பே. அம்மா என் கையை எடுத்து வெச்சுக் காட்டுவா. அன்னிக்கு நீ உதைக்கல. நீயும் சத்தம் போடாமத்தான் இருந்தே."

தம்பி அழுதான். அவன் அழுத அழுகையில் அடக்கம் எதுவும் இல்லை. வாயைத் திறந்து, தொண்டை கிழிய, பெரிய குரலெடுத்து அழுதான். நடந்துபோன ஒரு தம்பதி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாவுக்கு அன்று வீட்டில் எழும்பாத ஒப்பாரி இத்தனை வருஷம் கழித்து ஒரு பயிற்சிக் காருக்குள் எழும்பியது. லென்ஸம்மா அவனைத் தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே எல்லாம் மங்கலாக, மிதந்துகொண்டு, அழகாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தம்பி சில நாட்கள் கடைப்பக்கம் வரவில்லை. சுவரொட்டியைக் கழற்றிவிட்டானோ என்று பயந்து, அவளே பயிற்சிப் பள்ளிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். நடிகர் அங்கேயேதான் இருந்தார். அவருக்கு முன்னால் நின்று, ஓட்டக் கற்க வந்த ஓர் அம்மாளிடம், எங்கப்பா பகல் பூரா தூங்குவாரு, வீட்டுல ஊமைப் பாஷைதான் என்று தம்பி சத்தமாக அளந்துகொண்டிருந்தான். லென்ஸம்மா சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

படம் தியேட்டர்களை விட்டுப் போன பிறகு ஒருநாள் இயக்குநர் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பப்போகிறார்களாம். கூடவே மகள் பேசுகிற ஒரு பதிவையும் சேர்க்க ஆசை என்றாள். இந்தத் தடவை ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகச் சங்கடப்பட்டு, அலமாரியில் இருந்த ஃபிரேம் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தாள். அது அவளுக்குப் பொருந்தவில்லை. லென்ஸம்மா வேறொன்றை எடுத்து அவள் மூக்கில் மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினாள். "வாங்க, எடுங்க" என்றாள்.

கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர் ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டார். மின்விசிறியை நிறுத்தினார். தம்பியும் வந்திருந்தான், மூலையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். அவன் தலையை ஆட்டினான். லென்ஸம்மா பேச ஆரம்பித்து, எண்ணெய் காயாத கதவுக் கீலுக்கு வந்ததுமே மூலையிலிருந்து "அப்புறம்?" என்று குரல் வந்தது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். எதிர்வீட்டம்மாள் வந்ததும் மறுபடி "அப்புறம்?" ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றி, மிகவும் மரியாதையாக, சார், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"அவன் இருக்கட்டும்" என்றாள் லென்ஸம்மா. "அவன் கேட்டாத்தான் எனக்கு வருது."

இயக்குநர் தலையசைத்தாள். தம்பியின் குரலும் பதிவில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று.

அவள் பேசினாள். வெயில் நகர்ந்து போர்வையின் ஓரத்தில் ஒரு கோடாக விழுந்தது. அப்பாவின் முகம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உதட்டுக் குழி ஒருசமயம் வரும், அடுத்த வாக்கியத்துக்குள் போய்விடும். நடிகரின் தாடையும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அவள் இப்போது அதைத் துரத்தவில்லை. வந்தால் வரட்டும் என்று பேசிக்கொண்டே போனாள். மழைக்கால மேகம், பஞ்சு மாதிரி மங்கல், துடைத்தது எல்லாம் ஆயிற்று.

"அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறம் ஒருநாள் சாயங்காலம் எழுந்து உக்காந்துக்கிட்டு என்னைக் கையசைச்சுக் கூப்பிட்டாரு. போனேன். ஜன்னல்ல தொங்கின துணி நீலம். அதை விலக்கி, வெளியில காட்டினாரு. ஒண்ணுமில்ல, தெருதான். ஒரு ஆளு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டிருந்தாரு. ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கிட்டே இருந்தோம், அந்த ஆளு முனை திரும்புற வரைக்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். துணி நீலமாக இருந்ததா? அவளுக்கு நிச்சயமில்லை. அந்தச் சாயங்காலமே உண்மையில் நடந்ததா, இந்த அறையின் வெயிலில் இப்போதுதான் முளைத்ததா என்றும் தெரியவில்லை. இயக்குநர் முகத்தைப் பார்த்தாள். அவள் எதையும் சரிபார்க்கிற முகத்தோடு இல்லை, வாய் லேசாகத் திறந்திருக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் தம்பி முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்ன சைக்கிள்?" என்றான்.

லென்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"பச்சை" என்றாள்.